புற்றுநோய் வார்டில் டேப்லெட் பதிவு: புதிதாக ட்யூட்டிக்கு வருகிறவர்களுக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் புற்றுநோயாளிகள் பெரிய சிகிச்சைக்குப் பெரும்பாலும் வெளியூர்தான் போகிறார்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்கு பெங்களூரு கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரி பக்கம். மற்றவர்கள் சேலம், வேலூர், அடையாறு என்று பிரிந்து போகிறார்கள். ஆனால் கீமோ முடித்து வீடு திரும்பியபின் வாந்தி நிற்கவில்லை, திடீரென்று காய்ச்சல், எலும்பு வலியில் தூக்கமே இல்லை என்றால் முதலில் வந்து படுப்பது நம் ஊர் ஆஸ்பத்திரியில்தான். அது தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக இருக்கலாம், 2022-ல் தொடங்கிய கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரியாக இருக்கலாம், தாலுகா ஆஸ்பத்திரியாகவும் இருக்கலாம். கட்டியை எடுப்பதும் கதிர்வீச்சு கொடுப்பதும் வேறு இடத்தில். வலியும் வாந்தியும் மூச்சு வாங்குவதும் நம் கையில்.

இந்தத் தொந்தரவுகளைத் தினமும் நோயாளியின் வாயாலேயே கேட்டு, டேப்லெட் கணினியில் எண்ணாகப் பதிந்து, டாக்டர் கண்ணில் படும்படி வைக்கும் முறையைப் பற்றித்தான் எழுதுகிறேன். புதிதாக வார்டுக்கு வந்த நர்ஸுகள், பயிற்சி மாணவிகள், ஹவுஸ் சர்ஜன்கள் எல்லோருக்கும் இது பொருந்தும்.

இது எதற்குத் தேவை என்று ஒருநாள் ரவுண்ட்ஸோடு நடந்தாலே தெரிந்துவிடும். டாக்டர் “எப்படி இருக்கீங்க?” என்பார். “பரவாயில்லைங்க சார்” என்று பதில் வரும். அவர் அடுத்த கட்டிலுக்குப் போனதும், ராத்திரி முழுக்க வலியில் புரண்டதைப் பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். டாக்டருக்கு எதிரில் குறை சொல்லக் கூடாது என்ற மரியாதை ஒரு பக்கம். வலி என்று சொன்னால் இன்னும் நாலு நாள் இருக்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் இன்னொரு பக்கம்.

ஆய்வுகள் சொல்வது

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் டாக்டர் ஈதன் பாஷ் தலைமையில் நடந்த ஆய்வைத்தான் இந்தத் துறையில் எல்லோரும் முதலில் எடுத்துச் சொல்வார்கள். பரவிய நிலைப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருந்த 766 பேர் அதில் இருந்தார்கள். ஒரு பிரிவினர் 12 தொந்தரவுகளைக் கணினி வழியாகத் தெரிவித்தார்கள். ஏதாவது ஒன்று மோசமானால் நர்ஸுக்கு மின்னஞ்சல் போகும். 2017-ல் வெளியான முடிவின்படி அந்தப் பிரிவின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் உயிரோடு இருந்த காலம், 31.2 மாதம். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26 மாதம்.

ஆனால் அவர்கள் எல்லோரும் வீட்டிலிருந்து வந்து போனவர்கள். வார்டில் படுத்திருப்பவர்களிடம் இதைப் பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில் செய்து பார்த்தார்கள். 150 பேரை வைத்துச் செய்த முன்னோட்ட ஆய்வு 2019-ல் வந்தது. அது நம்பிக்கை தந்தது. அதைவிடப் பெரிய ஆய்வு 2022-ல் வந்தது. நோயாளிகள் தினமும் டேப்லெட்டில் பதிந்தார்கள், டாக்டர்களுக்கு அறிக்கையும் போனது. ஆனாலும் தொந்தரவின் அளவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் கிடைக்கவில்லை.

இந்த 2022 முடிவைப் பலர் சொல்லாமல் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. காரணம் இன்னதுதான் என்று அந்த ஒரு ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. வார்டில் வேலை செய்கிறவளாக நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது இது: எண்ணை டாக்டரிடம் காட்டினால் மட்டும் போதாது, எந்த எண் வந்தால் யார் எழுந்து போக வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். அதனால் வேலையை டேப்லெட்டிலிருந்து தொடங்காதீர்கள்.

முதலில் ஒரு தாள்

நர்ஸிங் ஸ்டேஷன் சுவரில் ஒட்ட ஒரு தாள் தயார் செய்யுங்கள். யூனிட் டாக்டர், வார்டு இன்சார்ஜ் சிஸ்டர், நீங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து பேசி எழுத வேண்டும். நான் சொல்லும் கணக்கு இதுதான். 0 முதல் 10 வரையான அளவில் 3 வரை வந்தால் பதிந்துவிட்டு வழக்கமான கவனிப்பைத் தொடரலாம். 4, 5, 6 வந்தால் அந்த ஷிஃப்டுக்குள் ட்யூட்டி டாக்டருக்குத் தெரிய வேண்டும். 7 அல்லது அதற்கு மேல் என்றால் உடனே போன். நேற்றைவிட 2 புள்ளி கூடியிருந்தால், எண் சின்னதாக இருந்தாலும் சொல்லிவிட வேண்டும். நேற்று 1 இருந்த மூச்சுத்திணறல் இன்று 3 என்றால் அது சும்மா விடக்கூடிய 3 இல்லை.

அதே தாளில் ராத்திரி யாரைக் கூப்பிடுவது, அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார் என்றும் எழுதுங்கள். இரண்டாவது பெயர் இல்லாத தாள் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உதவாது.

எந்தக் கேள்விகள்

சொந்தமாகக் கேள்வித்தாள் தயாரிக்க வேண்டாம். எட்மன்டன் அறிகுறி மதிப்பீட்டு முறை என்று ஒன்று இருக்கிறது. கனடாவின் எட்மன்டன் நகரில் டாக்டர் எடுவர்டோ புருவேராவும் அவரோடு வேலை செய்தவர்களும் 1991-ல் வெளியிட்டது. இப்போது புழக்கத்தில் உள்ள வடிவில் வலி, அசதி, தூக்கக்கலக்கம், குமட்டல், பசியின்மை, மூச்சுத்திணறல், மனச்சோர்வு, பதற்றம், மொத்தத்தில் உடம்பு எப்படி இருக்கிறது என்று 9 கேள்விகள். பத்தாவது இடம் ‘வேறு ஏதாவது’. அந்தப் பத்தாவது இடத்தை வீணாக்காதீர்கள். மார்ஃபின் என்ற வலி மருந்து எடுக்கிறவர்களுக்கு அங்கே மலச்சிக்கலைக் கேளுங்கள். கீமோ முடிந்து வந்தவர்களுக்கு வாய்ப்புண்ணைக் கேளுங்கள். வாய் வெந்துபோனவர் சாப்பிடவில்லை என்றால் ‘பசியில்லை’ என்றுதான் பதிவாகும், பசி மருந்தும் எழுதப்படும். பசி இருந்தும் விழுங்க முடியாமல் அவர் படுத்திருப்பார்.

20, 30 கேள்வி வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். உடம்புக்கு முடியாதவரிடம் இரண்டு நாள் கேட்கலாம், மூன்றாம் நாள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

டேப்லெட், மென்பொருள், நெட்

இதில் ரொம்ப யோசிக்க ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே கணினிப் பதிவு முறை இருந்தால் அதற்குள்ளேயே ஒரு படிவம் சேர்த்துத் தரக் கேளுங்கள். இல்லாவிட்டால் நிர்வாகத்தின் அனுமதியோடு ஆஸ்பத்திரிக்குச் சொந்தமான ஒரு சாதாரண டேப்லெட் போதும். நெட் இல்லாத நேரத்திலும் பதிந்து, பிறகு தானாக ஏற்றிக்கொள்ளும் படிவமாக இருக்கட்டும். எழுத்து பெரிதாக, ஒரு திரைக்கு ஒரு கேள்வி. ஒவ்வொரு கட்டிலுக்கும் இடையில் ஸ்பிரிட் தொட்டுத் திரையைத் துடைக்க வேண்டும். வெள்ளையணு குறைந்தவர்கள் இருக்கும் வார்டு இது.

கேள்விகளைக் குரலாகவும் பதிந்து வைத்தால் கண் தெரியாத, படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு உதவும். கிருஷ்ணகிரி பக்கம் தமிழோடு தெலுங்கு, கன்னடம், உருது மூன்றும் வேண்டும். தளியிலிருந்து வரும் ஒருவர் தமிழ் பேசுவார், ஆனால் வலியைச் சொல்வது கன்னடத்தில்தான் வரும்.

இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஒன்று, பெயருக்குப் பதில் ஐ.பி. நம்பரை (உள்நோயாளி எண்) பதியுங்கள். திரையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது வேண்டவே வேண்டாம். 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது ஒருவருடைய உடம்பைப் பற்றிய விஷயம். இரண்டாவது, திரையில் எங்கேயும் ‘புற்றுநோய்’, ‘கேன்சர்’ என்ற எழுத்து இருக்கக் கூடாது. நம் ஊரில் எத்தனையோ குடும்பங்கள் “அப்பாவுக்கு இன்னும் சொல்லலைங்க, கட்டின்னு மட்டும்தான் தெரியும்” என்று காதோடு சொல்லிவிட்டுத்தான் சேர்க்கிறார்கள். சொல்வது சரியா தவறா என்பதை டாக்டரும் குடும்பமும் பேசி முடிவு செய்யட்டும். ஒரு படிவத்தின் தலைப்பைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளும்படி ஆகிவிடக் கூடாது. ‘தினசரி உடல்நலக் கேள்விகள்’ என்று வைத்தால் போதும்.

கேட்பது எப்படி

இந்த வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ரவுண்ட்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. தினமும் ஒரே நேரமாக இருக்கட்டும். கேள்வி எப்போதும் ‘இப்போது’ பற்றியது. நேற்று, போன வாரம் என்று கலந்தால் எண் குழம்பிவிடும். நின்றுகொண்டு கேட்காதீர்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால், இவளுக்கு நேரம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். முடிந்தவர்கள் அவர்களாகவே திரையைத் தொடட்டும். முடியாதவர்களுக்கு நீங்கள் படித்துக் காட்டி, அவர்கள் சொல்வதை அப்படியே பதியுங்கள்.

பத்துக்கு எத்தனை என்று கேட்டால் பல பெரியவர்களுக்குப் பிடிபடாது. ரூபாய்க் கணக்கில் கேளுங்கள். பென்னாகரம் பக்கத்து ஆயா ஒருவரிடம் பேச்சு இப்படித்தான் போகும்:

“ஆயா, இப்போ வலி எப்படி இருக்கு?”

“பரவால்ல கண்ணு.”

“ராத்திரி தூங்குனீங்களா?”

“எங்க தூங்கறது. ஒருக்களிச்சுப் படுத்தா இடுப்புல சுருக்குனு குத்துது. மல்லாந்தே கெடந்தேன்.”

“வலியே இல்லைன்னா ஒண்ணும் இல்லை, தாங்கவே முடியலைன்னா முழு ரூபா. இப்போ எத்தனை பைசா இருக்கும்?”

“முக்கா ரூபா இருக்கும்.”

“எழுபது போடட்டுமா, எண்பது போடட்டுமா?”

“எண்பதே போடு.”

8 என்று பதிவாகிறது. ‘பரவால்ல’ என்று தொடங்கிய பேச்சு 8-ல் வந்து நிற்கிறது. தாளின்படி இது உடனே போன் செய்ய வேண்டிய எண். கூடவே இடுப்பு, ஒருக்களித்துப் படுத்தால் அதிகம், குத்தல் என்ற மூன்றையும் குறிப்பில் எழுதிவிடுங்கள். புற்றுநோயாளிக்கு முதுகு, இடுப்பு வலி படுத்தால் கூடுகிறது என்றால் அது தண்டுவடம் நெருக்கப்படும் சிக்கலின் தொடக்கமாகவும் இருக்கலாம். கால் பலத்தையும் சிறுநீர் போவதையும் அங்கேயே கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.

கூட இருக்கும் மகனோ மருமகளோ முந்திக்கொண்டு பதில் சொல்வார்கள். கோபப்படாதீர்கள், அக்கறையில்தான் சொல்கிறார்கள். “அண்ணா, நீங்க சொல்றதையும் எழுதிக்கறேன், முதல்ல அம்மா சொல்லட்டும்” என்றால் போதும்.

பசி, ‘மொத்தத்தில் உடம்பு எப்படி’ ஆகிய இரண்டும் தலைகீழாகப் பதிவாகும் கேள்விகள். இந்த அளவில் 0 என்றால் தொந்தரவே இல்லை, 10 என்றால் மோசம். “பசி எவ்வளவு?” என்று கேட்டால் நன்றாகப் பசிக்கிறவர் 9 என்பார், அது மோசமான எண்ணாக ஏறிவிடும். “பசியில்லாத தொந்தரவு எவ்வளவு?” என்று கேளுங்கள். அப்புறம் “ராத்திரி களி எவ்வளவு இறங்குச்சு, எத்தனை இட்லி?” என்று கேட்டு எண்ணைச் சரிபாருங்கள். அசதியும் தூக்கக்கலக்கமும் அதுபோலவே குழம்பும். உடம்பில் தெம்பு இல்லாதது அசதி, கண் சொக்கிக்கொண்டே இருப்பது தூக்கக்கலக்கம். மார்ஃபின் எடுக்கிறவருக்கு இந்த வித்தியாசம் உயிர் விஷயம்.

மனச்சோர்வு, பதற்றம் பற்றிய இரண்டு கேள்விகளையும் கூட இருப்பவர் டீ குடிக்கப் போன நேரத்தில் கேளுங்கள். “மனசுக்கு எப்படி இருக்கு?” என்று தொடங்கினால் போதும், கொஞ்சம் பொறுத்துப் பதில் வரும். வீட்டுக்குப் பாரமாக இருக்கிறேன், போய்விட்டால் தேவலை என்று யாராவது சொன்னால் எண்ணைப் பதிந்துவிட்டு நகராதீர்கள். அவரைத் தனியாக விடாமல் டாக்டருக்குச் சொல்லி அனுப்புங்கள். வீட்டுக்குப் போனபின் பேசுவதற்கு அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ எழுதிக் கொடுங்கள்.

பதில் சொல்ல முடியாத நிலையில் இருப்பவருக்கு 0 போடவே கூடாது. ‘கேட்க முடியவில்லை’ என்று தனிப் பொத்தான் வைத்து, ஏன் என்றும் குறிக்க இடம் விடுங்கள். தூங்குகிறார், ஸ்கேனுக்குப் போயிருக்கிறார், குழப்பமாகப் பேசுகிறார் என்று ஏதாவது ஒன்று இருக்கும். வலியே இல்லாதவரும் வலியைச் சொல்ல முடியாதவரும் கணினியில் ஒரே எண்ணாகத் தெரிந்தால் அதைவிட ஆபத்து வேறில்லை. முகச்சுளிப்பு, முனகல், தொட்டால் கையைத் தள்ளுவது என்று நீங்கள் கண்ணால் பார்த்ததைக் குறிப்பில் எழுதுங்கள். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று குழம்பினால் அதுவே டாக்டரைக் கூப்பிட வேண்டிய காரணம்.

படிவத்துக்காகக் காத்திருக்கக் கூடாதவை

சிலவற்றுக்கு எண் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. கீமோ போட்டு 7 முதல் 14 நாட்களுக்குள் பெரும்பாலும் வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். அந்த நாட்களில் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே அவசரம். ரத்தம் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுவந்த காய்ச்சல் மாத்திரையைக் கூட இருப்பவர்கள் கொடுத்துவிட்டால் சூடு தெரியாமல் போய்விடும். சேர்க்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். கால் மரத்துப்போவது, பலம் குறைவது, சிறுநீர் நின்றுபோவது, ரத்தப்போக்கு, திடீர் மூச்சுத்திணறல், முகமும் கழுத்தும் வீங்குவது எல்லாம் இந்த வகைதான். மார்ஃபின் எடுப்பவர் எழுப்பினாலும் சரியாக எழாமல், மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் கீழே போனால் டேப்லெட்டை வைத்துவிட்டு ஓடுங்கள்.

இரண்டாவது எண்

8 என்று பதிந்து, டாக்டர் வந்து மருந்து எழுதி, நீங்களும் கொடுத்தாயிற்று. பல வார்டுகளில் பதிவு இங்கேயே நின்றுவிடுகிறது. அடுத்த எண் மறுநாள் காலைதான். நடுவில் வலி குறைந்ததா என்று யாருக்கும் தெரியாது.

அதனால் 4 அல்லது அதற்கு மேல் வந்த ஒவ்வொரு எண்ணுக்கும் ஜோடியாக இன்னொரு எண் வேண்டும். வாய்வழி மார்ஃபின் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் திரும்பக் கேளுங்கள். நரம்பு வழி ஊசி என்றால் 15 முதல் 30 நிமிடத்தில் கேளுங்கள். டேப்லெட்டில் அலாரம் வைத்துக்கொள்வதில் தப்பில்லை. ஷிஃப்ட் மாறும் நேரம் என்றால் அடுத்து வரும் சிஸ்டரிடம் “12-ஆம் கட்டில், இரண்டாவது எண் ஏழரைக்குக் கேட்கணும்” என்று வாயால் சொல்லிவிட்டுப் போங்கள். 8 வெறும் 6 ஆகியிருந்தால் மறுபடியும் போன் செய்ய வேண்டும். அதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் 4 மணி நேரம்தான் வேலை செய்யும். ‘வலி வந்தால் கொடு’ என்று மட்டும் எழுதியிருந்தால் பதிவில் 3, 8, 3, 8 என்று ஏறி இறங்கும் கோடு தெரியும். அந்தக் கோட்டை டாக்டரிடம் காட்டி, நேரப்படி கொடுக்கலாமா என்று கேளுங்கள். மார்ஃபின் தொடங்கிய அன்றே மலமிளக்கியும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். “இந்த மாத்திரைக்கு அடிமையாகிடுவாரா?” என்று குடும்பத்தார் கேட்பார்கள். புற்றுநோய் வலிக்கு டாக்டர் சொன்ன அளவில் கொடுக்கும் மருந்து இது, வலி குறைந்தால் படிப்படியாகக் குறைப்பார்கள் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். ஆதாரமாக அந்த இரண்டு எண்களையும் திரையில் காட்டுங்கள். பேச்சைவிட அது நன்றாகப் புரிகிறது.

ரவுண்ட்ஸில் சொல்வது

டாக்டர் கையில் டேப்லெட்டைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்காதீர்கள். ஒரு கட்டிலுக்கு மூன்று வாக்கியம் போதும். எது அதிகம், எது மாறியது, என்ன செய்தோம். “சார், காலையில் வலி 8, மார்ஃபின் கொடுத்து ஒரு மணி நேரத்தில் 4. மூச்சுத்திணறல் நேற்று 1, இன்று 3. மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை.” இதைச் சொன்னால் ‘எப்படி இருக்கீங்க’வுக்கு வேலை இல்லை.

வாரம் ஒரு தடவை இன்சார்ஜ் சிஸ்டரோடு உட்கார்ந்து ஒரே ஒரு கணக்குப் பாருங்கள்: 4 அல்லது அதற்கு மேல் வந்த எண்களில் எத்தனைக்கு ஜோடி எண் இல்லை? எத்தனை பேரிடம் கேட்டோம் என்ற கணக்கு நன்றாகத் தெரியும், அறிக்கையில் போடவும் அழகாக இருக்கும். ஆனால் நோயாளிக்கு உதவுவது முதல் கணக்குதான். எந்த ஷிஃப்டில் ஜோடி எண் அதிகம் விடுபடுகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் அங்கே ஆள் குறைவாக இருக்கும். அதை நிர்வாகத்திடம் கேட்பதற்கு உங்கள் கையில் சான்று இருக்கிறது.

டிஸ்சார்ஜ் அன்று

கடைசி மூன்று நாள் எண்களைத் தாளில் அச்செடுத்துக் கொடுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கி வைத்ததே நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி ஒன்றியத்துச் சாமனப்பள்ளியில்தான். அதில் வீட்டுக்கே வந்து பார்க்கும் வலிநிவாரணக் கவனிப்பும் உண்டு. நோயாளியின் கிராமத்துக்குரிய ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசி, வீட்டுக்குப் போகும் நர்ஸிடம் இந்த எண்களையும் மருந்து நேரத்தையும் சொல்லிவிடுங்கள். சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி மாதிரி மலைப்பக்கத்துக்காரர்களிடம் சிக்னல் எங்கே கிடைக்கும், யார் போனில் பிடிக்கலாம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். செயலியை இறக்கிக் கொடுத்துவிட்டால் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைக்க வேண்டாம்.

வீட்டில் எந்த எண் வந்தால் கூப்பிட வேண்டும், காய்ச்சல் எத்தனை டிகிரி என்றால் 108-க்கு அடிக்க வேண்டும் என்பதை அதே தாளின் மேல்பக்கம் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பெங்களூருக்கோ அடையாறுக்கோ அடுத்த கீமோவுக்குப் போகும்போது அங்குள்ள டாக்டருக்கும் இந்தத் தாள் தேவைப்படும். அதனால் ஃபைலின் உள்ளே செருகாமல் முதல் பக்கமாகப் பின் அடித்துக் கொடுங்கள். இரண்டாம் நாள் ஒரு போன் போட்டு, அதே பத்துக் கேள்விகளைக் கேளுங்கள்.